எழுந்திராத கணிதரும் இட்லிப் பானை ஆவியும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடென்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்குத்தான் வம்பு. ஒரு நாள் காலை அவருக்குப் பசியோடு ஒரு கிறுக்கும் சேர்ந்து வந்தது. இட்லிப் பானையின் மூடி தடதடவென்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, "மூடியைத் தூக்குவது வெறும் ஆவிதானே? அது செய்யும் வேலை எவ்வளவு? இன்றே சபையில் கணக்குச் சொல்ல வேண்டும்!" என்றார்.

சபையில் ஆஸ்தான கணிதர் என்று ஒருவர் இருந்தார், திருமேனிநாதர். கணக்குக்கும் அவருக்கும் வெகுதூரம். வெற்றிலை போடுவார், தூங்குவார், நடுவில் கண் விழித்தால் கோள் சொல்வார். யார் வந்தாலும், ராஜாவே வந்தாலும், அவர் ஆசனத்தை விட்டு எழ வேண்டியதில்லை என்று பழைய ராஜா ஒரு சலுகை வேறு கொடுத்து வைத்திருந்தார். மனுஷர் அதை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

விகடகவி அங்கப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மகாராஜா, ஆவி வீங்க வீங்க அதன் உந்தல் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஏது கணக்கு? அந்த மேதாவி அங்கப்பன் சொல்லட்டுமே! சொல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

அங்கப்பனுக்கு வீட்டு நினைவுதான் முதலில் வந்தது. நிறைமாதப் பெண்டாட்டியை எங்கே கூட்டிப் போவான்? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "கணிதர் பெருமான் அருகில் வந்து சோதனையைப் பார்க்க வேண்டும்" என்றான்.

"உன் ஆவிக்காக நான் எழுவேனா? முடிந்தால் அது என்னை எழுப்பட்டும்!"

"உத்தரவு" என்றான் அங்கப்பன்.

நெட்டையான செப்புக் கொப்பரை ஒன்று வந்தது. அடியில் தண்ணீர். உள்ளே இறுக்கமாக ஏறி இறங்கும்படி, எடை பார்த்த கனத்த பலகை, அதன் ஓரத்தில் எண்ணெய்த் துணி. காவலர்கள் கணிதரை ஆசனத்தோடு எடை போட்டுப் பார்த்துப் பலகைமேல் வைத்தார்கள். எழக்கூடாதென்ற வீம்பில் மனுஷர் அசையவில்லை. அடியில் தீ மூட்டினார்கள்.

தண்ணீர் கொதித்தது. ஆசனம் மெல்ல ஏறியது.

"ஐயோ, சுடுகிறதே!"

"அசையாதீர்கள் ஐயா, கணக்குக் கெட்டுவிடும்!" என்ற அங்கப்பன் ராஜாவிடம் திரும்பினான். "மகாராஜா, ஆவி கொஞ்சம் கூடுதலாக உந்தினால் பலகை ஏறி இடம் விடுகிறது, உந்தல் பழையபடி ஆகிவிடுகிறது. மேலே இருக்கும் பாரம் மாறவில்லை, ஆகவே உந்தலும் மாறவில்லை. பலகையும் சேர்த்துப் பாரம் பத்து மணங்கு எடை, ஏறியது இரண்டு முழம். பெருக்கினால் இருபது. கணிதரைத் தூக்கிய வேலை அவ்வளவுதான். வெளிக்காற்றைத் தள்ளிய வேலை தனி."

ராஜாவுக்கு ஆசை விடவில்லை. "கணிதர் இதுவரை செய்த வேலை?"

"அதே கணக்குத்தான் மகாராஜா. இத்தனை வருஷமாக ஆசனத்தை அமுக்கினார். தூக்கிய உயரம் ஒன்றுமில்லை. அதை எதனால் பெருக்கினாலும் ஒன்றுமில்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கே எழாத ஆளை இட்லி ஆவி எழுப்பிவிட்டதே!" என்று தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அங்கப்பனுக்குப் போட்டார். அவன் அதோடு வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் ராஜா சபைக்குள் நுழைந்தபோது முதல் ஆளாக எழுந்து நின்றவர் திருமேனிநாதர். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், மனுஷரால் உட்கார முடியவில்லை.