விருந்தாளிக்கு மரம், வந்தேறிக்குச் சேறு

ஒரு குளத்தில் ஒரு நீர்க்கோழி இருந்தாள். மடைக்கல்லின் மேல் ஏறி நின்று, வருகிற பறவைக்கெல்லாம் பேர் வைப்பதுதான் அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவளாக எடுத்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கின. முதலில் செங்கால் நாரைகள் வந்தன. வெள்ளை வெளேர் என்று இருந்தன.

“விருந்தாளி வந்திருக்காங்க! மரத்துல இடம் விடுங்க!” என்று கூவினாள் நீர்க்கோழி.

அடுத்து நீர்க்காகங்கள் வந்தன. கன்னங்கரேல் என்று இருந்தன.

“வந்தேறிங்க வந்துட்டாங்க! சேத்துல போய் உட்காருங்க!”

இரண்டு கூட்டமும் ஒரே திசையிலிருந்து, ஒரே காற்றில், ஒரே நாளில்தான் பறந்து வந்தன. அதை யார் கேட்டார்கள்? இத்தனைக்கும் நீர்க்கோழியே கறுப்புதான். கேட்டால், “என் நெத்தியில சிவப்பு இருக்குல்ல!” என்பாள்.

மரம் என்றால் குளத்து நடுவில் நின்ற கருவேல மரம். சுற்றிலும் தண்ணீர். நரி வராது. சேறு என்றால் கரையோரம். பொழுது சாய்ந்தால் நரி வரும். முந்தின வாரம்தான் ஒரு நீர்க்காகத்தைக் கவ்விக்கொண்டு போயிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஒரு கடலோரக் கொக்கு தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். இந்த வகைக் கொக்குகளில் ஒரே கூட்டில் கறுப்புக் குஞ்சும் பொரியும், வெள்ளைக் குஞ்சும் பொரியும். அம்மா கறுப்பு. மூத்தாள் கறுப்பு. இளையான் வெள்ளை. மூத்தாள், இளையான் என்பவை முட்டையை உடைத்து வெளியே வந்த வரிசையில் வைத்த பேர்கள். அதற்கு மேல் அம்மாவுக்குப் பிள்ளைகளிடம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மூத்தாளின் இடது இறக்கை சுளுக்கி வீங்கியிருந்தது. இன்னொரு குளம்வரை அவளால் பறக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் மரத்தில் இடம் கிடைத்தாக வேண்டும்.

இளையானைப் பார்த்ததும் நீர்க்கோழி குனிந்து வரவேற்றாள்.

“வாங்க தம்பி, வாங்க! பயணமெல்லாம் சௌக்கியமா? இது உங்களைத் தூக்கி வளர்க்கிற ஆயாவா?”

“எங்க அம்மா!” என்றான் இளையான்.

“அடடா, என்ன பாசம்! ஆயாவைக்கூட அம்மான்னு கூப்பிடுது பிள்ளை!”

“நான் அடைகாத்த பிள்ளை அக்கா,” என்றாள் அம்மாக் கொக்கு. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நேற்று ஒரு குளம். முந்தாநாள் ஒரு குளம். எல்லா மடைக்கல்லிலும் யாராவது ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“சரி சரி. ஆயா கீழ்க்கிளையில ஒண்டிக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கணுமே! அந்தக் கறுப்பி யாரு?”

“எங்க அக்கா!”

“விளையாடாதீங்க தம்பி! அது வந்தேறி. சேத்துக்குப் போகட்டும்!”

“அவளுக்கு இறக்கை சரியில்லை அக்கா. ரெண்டு நாள் மட்டும் மரத்துல...” என்று அம்மா கெஞ்சினாள்.

“வர்ற வந்தேறியெல்லாம் இறக்கை வலிக்குதுன்னுதான் வருது!”

சண்டை போட அம்மாவுக்குத் தெம்பில்லை. மூத்தாளை அழைத்துக்கொண்டு சேற்றில் போய் உட்கார்ந்தாள். இளையானும் பின்னாலேயே வந்தான். உடனே இரண்டு நாரைகள் ஓடி வந்து அவனை மறித்தன.

“விருந்தாளி சேத்துல உட்கார்ந்தா குளத்துக்கே அசிங்கம்!” என்று சொல்லி, அவனை மரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயின.

பசித்தது. இளையான் தண்ணீரில் பாய்ந்து ஒரு கெண்டையைக் கொத்தினான்.

“என்ன குறி! என்ன லாவகம்!” என்று நாரைகள் மெச்சின.

மூத்தாளும் ஒரு கெண்டையைக் கொத்தினாள்.

“திருடுறா! நம்ம மீனைத் திருடுறா!” என்று அதே நாரைகள் கத்தின.

மூத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா, அவன் பிடிச்சதும் கெண்டைதானே?”

“கெண்டைதான். வாயை மூடிக்கிட்டு முழுங்கு. மீனையும், பேச்சையும்.”

சேற்றை ஒட்டிக் கோரைப் புதர் இருந்தது. அதற்குள்தான் நீர்க்கோழியின் கூடு. ஏழு முட்டைகள். அவற்றை அப்படியே விட்டுவிட்டுத்தான் அவள் பேர் வைக்கக் கல் ஏறுவாள். அன்றைக்குப் புதரின் ஓரம் சரசரவென்று அசைந்தது. மூத்தாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கைத்தடி பருமனில் ஒரு பாம்பு!

“பாம்பு! அக்கா, பாம்பு! உங்க கூட்டுக்குப் போகுது!”

நீர்க்கோழி தலையைத் திருப்பக்கூட இல்லை.

“கேட்டீங்களா கூச்சலை! என்னைக் கல்லை விட்டு இறக்கிட்டு மரத்துக்கு ஓடப் பார்க்கிறா. இதெல்லாம் வந்தேறித் தந்திரம்!”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா பாம்புதான் அக்கா!” என்று அம்மா கத்தினாள்.

“ஆயாவுக்கு இங்க என்ன பேச்சு?”

மூத்தாள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. நொண்டி இறக்கையை இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடினாள். பாம்பு அதற்குள் ஒரு முட்டையை விழுங்கியிருந்தது. அவள் அதன் முதுகில் ஓங்கிக் கொத்தினாள். கூடு ஆடியது. ஒரு முட்டை உருண்டு உடைந்தது.

சத்தம் கேட்டு இப்போதுதான் நீர்க்கோழி திரும்பினாள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கூட்டுக்குள் ஒரு கறுப்பு அலகு. பக்கத்தில் உடைந்த முட்டை. அவ்வளவுதான்.

“முட்டைத் திருடி! அடிங்க அவளை!”

நாரைகள் பாய்ந்து வந்து மூத்தாளின் முதுகில் கொத்தின. குறுக்கே விழுந்த அம்மாவுக்கும் நாலு கொத்து விழுந்தது. மூத்தாள் கூட்டை விட்டு நகரவில்லை. ஆனால் அடியைத் தாங்குவாளா, பாம்பைக் கொத்துவாளா? அந்த இடைவெளியில் பாம்பு இன்னொரு முட்டையையும் விழுங்கியது.

அப்போது மரத்திலிருந்து இளையான் பறந்து வந்தான்.

“பாம்பு! கோரைக்குள்ள பாம்பு!”

“ஐயையோ, பாம்பா!” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அதே பாம்பு. அதே வார்த்தை. சொன்ன வாய்தான் வேறு.

எல்லா அலகும் பாம்பின் பக்கம் திரும்பின. அது தண்ணீரில் விழுந்து தப்பியது.

நீர்க்கோழி மிச்சமிருந்த நாலு முட்டைகளையும் வயிற்றுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“மூணு போச்சே!” என்றாள் கடைசியில்.

“நான் சொன்னப்போ ஏழும் இருந்துச்சு அக்கா,” என்றாள் மூத்தாள். அவள் முதுகில் ரத்தம் கசிந்தது.

நீர்க்கோழி தலையைக் குனிந்துகொண்டாள். “நீ மத்த வந்தேறிங்க மாதிரி இல்லை. நல்ல வந்தேறி! மரத்துக்குப் போ. ஆயாவையும் கூட்டிட்டுப் போ.”

“இன்னுமா வந்தேறி? இன்னுமா ஆயா?” என்று இளையான் சீறினான்.

அம்மா மேற்கே பார்த்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேருக்காகச் சண்டை போட இது நேரமில்லை.

“அக்கா, சேத்துல நாலு நீர்க்காகம் இருக்கு. அதுங்களும் மரத்துக்கு வரட்டும்.”

“அதுங்க... அதுங்க வேற.”

“அதுங்களையும் நரி தூக்கிட்டா, நாளைக்குக் கோரைப் பக்கம் பாம்பு வர்றதை யாரு பார்ப்பா? நீங்களா? நீங்கதான் கல்லு மேல நிப்பீங்களே!”

நீர்க்கோழி வயிற்றுக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “சரி, போகட்டும்,” என்றாள்.

கறுப்பும் வெள்ளையுமாக எல்லாரும் மரம் ஏறினார்கள். கொஞ்சம் இடித்தது, அவ்வளவுதான். கிளை ஒன்றும் முறியவில்லை. கரைக்கு வந்த நரி சேற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் கூட்டிலிருந்தே நீர்க்கோழி அறிவித்தாள்.

“எல்லாரும் கேளுங்க! நேத்து நம்ம விருந்தாளித் தம்பி பாம்பை விரட்டினார்! பக்கத்துல ஒரு வந்தேறியும் இருந்தா!”

மூத்தாள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?”

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“சொல்லத்தான் வேணும். நாளைக்கும் சொல்லணும், நாளன்னைக்கும் சொல்லணும். முதல்ல இறக்கை ஆறட்டும். பேரை அவ வெச்சுக்கட்டும். நீ கிளையை விடாதே.”

ஆளைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் பேர் வைப்பவர், தம்மைக் காக்க வரும் குரலையும் கூச்சல் என்றே எண்ணி இழப்பார்.