ஒரு காலுக்குக் கழல், ஒரு காலுக்கு விலங்கு

ஒரு காலத்திலே நாவலாற்றுக்கு இக்கரையை வன்னிமுத்து ராசா என்று ஒருத்தர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசு எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாது. காலையில் ஒரு ஊரையே தானமாகக் கொடுப்பார், மத்தியானம் அதைத் திருப்பிக் கேட்பார்.

அவருடைய சம்பளப் படை எல்லைக்குப் போகும் நாட்களில் கோட்டையைக் காக்க ஒரு துணைப்படை இருந்தது. மொத்தம் நாற்பது பேர். நெசவாளி, குயவர், செக்கு ஆட்டுகிறவர், ஓடம் தள்ளுகிறவர் என்று எல்லாம் உழைக்கிற சனம். சம்பளம் கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நம்ம ஊரை நாமதானே பார்க்கணும் என்று தாங்களாகவே வந்து வேல் பிடித்தவர்கள். இவர்களுக்குத் தலைவர் யார் தெரியுமா? ராணியின் தம்பி சிங்கநாதர்! மனுஷர் பயிற்சிக்களத்தில் கால் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. தலைப்பாகை மட்டும் மாசத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் சம்பளப் படை இல்லாத நேரம் பார்த்து, அக்கரைப் பகைவர்கள் பட்டப்பகலில் இருபது படகுகளில் கிளம்பிவிட்டார்கள். தலைவரைத் தேடி ஆள் ஓடியது. அவரோ மாமனார் ஊரில் காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டார். நாற்பது பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான ஓடக்காரி காத்தாயி மட்டும் ஆற்றைப் பார்த்தாள். துறைக்கு வர ஆழமான வழி ஒன்றே ஒன்றுதான், இரண்டு பாறைக்கு நடுவே. அதை அடைத்துவிட்டால் படகு வர முடியாது. அடைக்கிற அளவுக்குப் பெரிசாக அங்கே கட்டியிருந்தது அன்னப்பறவை போலச் செய்த ராசாவின் அன்ன ஓடம் மட்டும்தான். அதைப் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோய் முக்கச் சொன்னாள்.

"அடி பாவி, அது ராசா ஆசை ஆசையாச் செஞ்ச ஓடம்டி! தலை போயிடும்!" என்று பதறினார் செக்கு ஆட்டும் பெரியண்ணன்.

"ஊரே போகப்போகுது, நீங்க தலையைப் பத்திப் பேசுறீங்களேண்ணே! போடுங்க ஓட்டையை. யார் கேட்டாலும் காத்தாயி சொன்னான்னு சொல்லுங்க."

பாறைகளுக்கு நடுவே அன்னம் மூழ்கியது. முன்னால் வந்த படகுகள் அதில் மோதிக் கவிழ்ந்தன, பின்னால் வந்தவை அவற்றின்மேல் ஏறின. நாற்பது பேரும் வேலும் துடுப்புமாக இறங்கி விளாசியதில், தப்பினோம் பிழைத்தோம் என்று பகைவர்கள் ஓடியே போனார்கள். நம்ம ஆட்கள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் சபையில் வந்து நின்றாரே சிங்கநாதர்! "பிரபு, என் உத்தரவு இல்லாமல் அந்தக் கரையில் ஒரு காக்கைகூடச் சிறகடிக்கவில்லை!" என்றார். ராசா பூரித்துப்போய் அவர் வலது காலில் பொன்னால் செய்த வீரக்கழலைத் தன் கையாலேயே பூட்டினார்.

அந்த நேரம் பார்த்தா காவலன் வந்து அன்ன ஓடம் மூழ்கிய சேதியைச் சொல்ல வேண்டும்? ராசாவின் முகம் கறுத்தது. "யார் செய்த வேலை?"

"அது... அந்தத் தறுதலைகள் என் பேச்சைக் கேட்காமல் செய்தது, பிரபு."

"செய்தவனுக்கு விலங்கு மாட்டி நாட்டைவிட்டே துரத்துங்கள்! ஆள் யாரென்று சொல்லாவிட்டால் துணைப்படையையே கலைத்துவிடுவேன்!"

நாற்பது பேரையும் சபைக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கநாதர் அளந்த கதை முழுக்க வழியிலேயே அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. அந்த ஆற்றை விட்டால் காத்தாயிக்குப் போக்கிடம் கிடையாது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இத்தனை பேர் பாடுபட்டுக் கட்டிய படையை விருந்துக்குப் போனவர் சொன்ன ஒரு பொய் கலைப்பதா?

"மகாராசா, ஒரு சின்னச் சந்தேகம்," என்று முன்னே வந்தாள். "பகைவன் படகு மோதினது அந்த ஓடத்துலதான். ஓடம் முங்காட்டி செயிப்பு ஏது? ரெண்டும் ஒரே உத்தரவுங்க. கரையில காக்காகூட ஐயா சொல்லித்தான் பறந்துச்சாம். ஓடமும் ஐயா சொல்லித்தானே முங்கியிருக்கணும்? வலது காலுக்குக் கழல் வந்தாச்சு. இடது கால் சும்மாதானே இருக்குது, விலங்கை அங்கே மாட்டிட்டாப் போச்சு!"

ராசா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பலே! கொல்லரைக் கூப்பிடு!"

விலங்கின் சத்தம் கேட்டதுதான் தாமதம், சிங்கநாதர் துள்ளிப் பின்வாங்கினார். "ஐயோ பிரபு! நான் அங்கே இல்லவே இல்லை! காதுகுத்து விருந்தில் இருந்தேன்! ஊரே சாட்சி!"

"அப்படியானால் கழலைக் கழற்று!" என்று கர்ஜித்தார் ராசா. "உத்தரவு போட்டது யார்?"

"நான்தான் மகாராசா." காத்தாயி தன் காலை நீட்டினாள். "இவங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க, அவ்வளவுதான். ஓடத்தை முக்கின குத்தம் என்னோடது. செயிச்சது நாற்பது பேரோடது."

பின்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னே வந்து காலை நீட்டினார்கள்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ராசா அந்தக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அம்மா, இந்த ஆளைத் தலைவனாக்கியது யார்?"

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் மகாராசா."

அவ்வளவுதான், தலை போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ராசாவோ சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டினார். "கொல்லரே, கொண்டுவாரும். பொழுது சாயும்வரை இது என் காலில் கிடக்கட்டும்."

கொல்லர் பூட்டினார். விலங்கோடுதான் ராசா அன்றைக்கு வழக்கு விசாரித்தார். தலைப்பாகை இழந்த சிங்கநாதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூழ்கிய ஓடத்தை இழுத்தார், காத்தாயியின் உத்தரவுப்படி! அவள்தான் புதுத் தலைவி. தனக்கு வந்த கழலைக் காலில் போடாமல் நாற்பது பேரும் பார்க்கப் படைவீட்டு வாசலில் மாட்டினாள். ராசா தன் விலங்கைக் கொடுத்தனுப்பி, அதையும் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தத் தலைமைப் பதவிக்குச் சிபாரிசு பிடித்துக்கொண்டு அரண்மனைப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை.