பூட்டிய ஆலையில் ஒற்றைக் கரிச்சான்

ஊருக்கு நடுவே மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலைக்குள் ஒரு கரிச்சான் குருவி தனியாக இருந்தது. ஆலையின் பின்பக்கம் பெரிய காலி இடம். உடைந்த செங்கல், துருப்பிடித்த கம்பி, காய்ந்த சருகு, ஒரே ஒரு புங்க மரம். அந்த மரம்தான் கரிச்சானின் வீடு.

கரிச்சானுக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடும். பூனை, மைனா, அணில், தெருமுனையில் நிற்கும் ஆட்டோவின் ஹாரன்கூட. அது வல்லூறு போலக் கத்தினால் வல்லூறே ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் மதில்மேல் தவிட்டுக் குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. கூடவே ஓர் அணிலும். சாலையை அகலப்படுத்த, அவை குடியிருந்த மரங்களை மனிதர்கள் வெட்டிவிட்டார்கள்.

"தம்பி, மழைக்கு முன்னாடி கூடு கட்டணும்," என்றது கூட்டத்துத் தலைவி செம்பி. "எங்களுக்குக் குப்பைமேட்டை விட்டா வேற போக்கிடம் இல்ல. இங்க இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு?"

கரிச்சான் யோசித்தது. இவ்வளவு இடம், இவ்வளவு சருகு, அதற்கடியில் எவ்வளவு பூச்சி! எல்லாம் எனக்கு ஒருத்தனுக்கே!

இலைகளுக்குள் மறைந்துகொண்டு வல்லூறு போல ஒரு கத்துக் கத்தியது. குருவிகள் விழுந்தடித்துக்கொண்டு பறந்தன. அணில் மதிலின் அந்தப் பக்கம் குதித்தது. கரிச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சிரித்து முடித்தபோது அங்கே யாரும் இல்லை.

பிறகு யார் வந்தாலும் இதே கதைதான். மதில் உடைசல் வழியாக மேய வந்த மாட்டை நாயாகக் குரைத்து விரட்டியது. மைனாக்களைப் பூனையாகச் சீறி விரட்டியது. கடைசியில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கரிச்சான் தன்னோடு தானே பேச ஆரம்பித்தது.

"அண்ணே, சாப்டீங்களா?" என்று அணில் குரலில் கேட்கும்.

"இன்னும் இல்லப்பா. நீ?" என்று மைனா குரலில் பதில் சொல்லும்.

"நானும் இல்லண்ணே."

அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது.

நிஜமாகவே அது சாப்பிட்டிருக்கவில்லை. கரிச்சானுக்குப் பறக்கும் பூச்சியைப் பிடிக்கத்தான் வரும். சருகைக் கிளற வராது. மாடு மேய்ந்தால், குருவிகள் சருகைப் புரட்டினால், பூச்சி எழும்பும். அது பாய்ந்து கவ்வும். இங்கே புரட்ட யார் இருக்கிறார்கள்? கீழே பூச்சிகள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தின. மேலே கரிச்சான் மெலிந்துகொண்டே போனது.

வானம் கறுத்திருந்த ஒரு காலையில் அது மதில்மேல் வந்து உட்கார்ந்தது. எதிரே குப்பைமேட்டுப் புகைக்கு நடுவே குருவிகள் இருமிக்கொண்டே மறுபடியும் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

கரிச்சான் அணில் குரலை எடுத்தது. "செம்பி அக்கா, ஆலைக்குள்ள வல்லூறு இல்லக்கா. நான் பார்த்துட்டேன், வாங்க."

"அணில் என் பக்கத்துல உட்கார்ந்து கொறிச்சுக்கிட்டிருக்கு," என்றது செம்பி. "நீ யாரு?"

கரிச்சான் மைனாவாகக் கூப்பிட்டது. பதற்றத்தில் பூனையாகவும் கூப்பிட்டுவிட்டது.

"பூனை கூப்பிட்டா ஓடி வந்துடுவோமா?" என்று அணில் உருண்டு சிரித்தது.

"இரவல் குரல் போதும்," என்றது செம்பி. "உன் குரல்ல சொல்லு, கேக்குறோம்."

கரிச்சான் வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சொந்தக் குரலில் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. கடைசியில் கரகரவென்று ஏதோ வந்தது.

"அன்னைக்குக் கத்துனது வல்லூறு இல்ல. நான்தான். பசிக்குது. தனியா இருக்கவும் முடியல."

"இந்தப் புகையில எங்க முட்டை ரெண்டு வீணாப் போச்சு. தெரியுமா?"

கரிச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

செம்பி வானத்தைப் பார்த்தது. "மழை நமக்காக நிக்காது. கிளம்புங்கடி," என்று ஆலைக்குள் முதல் ஆளாகப் பறந்தது.

குருவிகள் சருகைப் புரட்டின. பூச்சிகள் எழும்பின. கரிச்சான் வயிறாரச் சாப்பிட்டது. நிஜ வல்லூறு வந்தபோது துரத்தித் துரத்திக் கொத்தியது. அணில் புதைத்துவைத்து மறந்த கொட்டைகள் மழையில் முளைத்தன. செங்கல் குவியலெல்லாம் பச்சை. மாடு வந்தது, மைனாக்கள் வந்தன.

பொழுது சாய்ந்தால் தவிட்டுக் குருவிகள் ஒரே கிளையில் ஒட்டி ஒட்டி வரிசையாக உட்காரும். கரிச்சான் தள்ளி ஒரு கம்பியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தானாகப் போக அதற்குக் கூச்சம்.

ஒருநாள் செம்பி கம்பிப் பக்கம் பார்த்தது. பிறகு, "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கடி," என்றது.

கிளையின் ஓரத்தில் ஒருத்தர் உட்கார இடம் உண்டானது.

பிறருக்கு விடாமல் சும்மா போட்டுவைத்த இடம், வைத்திருப்பவருக்கும் சோறு போடாது, துணையும் தராது.