நாலு விரல் குட்டை

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குப் பொன்னுரங்கம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். தம்பி மாரப்பன் செத்துப்போன மாதமே கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விடுவார், பாத்திரம் துலக்குவார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

மடத்தை நடத்திவந்த அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள்கூட எதையும் தோண்டிக் கேட்டதில்லை.

ஒரு காலையில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பொன்னுரங்கமே வாயைத் திறந்தார்.

"ஒருத்தன் சாகிறது அவன் விதியாலயா, இன்னொருத்தன் கையாலயாம்மா?"

"யாரைப் பத்திக் கேக்கறீங்க?"

அவர் கீரையைப் பார்த்தபடியே சொன்னார். மாரப்பனின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க், ஷாக் வைத்தது. அதில் எண்ணெய் கசிந்தது. பொன்னுரங்கம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் கடையில் கிடந்த சாதா இரும்பு ஃபோர்க்கை மாட்டிக் கொடுத்தார். அது நாலு விரல் குட்டை; மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்து, தொட்டாலே ஹேண்டில் திரும்பும். மூன்றாம் நாள், மலை இறக்கத்தில் ஒரு வளைவில், மாரப்பன் சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தான்.

"மணல் சறுக்கிடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

அம்மா கையில் இருந்த கீரையை முறத்தில் வைத்தார்.

"நம்ம மடத்து சைக்கிள்லயும் ஷாக்தானே? அதைக் கழட்டிட்டு, நாலு விரல் குட்டையா ஒண்ணு மாட்டுங்க."

"வேண்டாங்கம்மா."

"மாட்டுங்க."

பொன்னுரங்கம் பூட்டிக் கிடந்த தன் கடையைத் திறந்து அதே மாதிரி ஒரு ஃபோர்க்கை எடுத்து வந்தார். வழக்கமாக அரை மணி நேர வேலை. அன்று மத்தியானம் வரை இழுத்தது.

மறுநாள் அம்மா பால் வாங்கக் கிளம்பினார். வாசலில் திரும்புவதற்குள் முன்சக்கரம் வெடுக்கென்று மடங்கியது. விழுந்தார். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. பொன்னுரங்கம் பதறி ஓடினார்.

"என்னம்மா ஆச்சு?"

"லேசா நினைச்சாலே போதும், ஹேண்டில் திரும்பிடுது" என்றார் அம்மா. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் போனார்.

தினமும் போனார். அவர் திரும்பி வரும்வரை பொன்னுரங்கம் வாசலை விட்டு அசையவில்லை. பன்னிரண்டாம் நாள், ஒரு கையில் பால் தூக்கு, ஒரு கையில் ஹேண்டில் என்று அம்மா சாதாரணமாக வந்து இறங்கினார்.

"சைக்கிள் சரியாயிடுச்சுங்களாம்மா?"

"அது எங்கே சரியாச்சு? அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் பழகிடுச்சு." தூக்கைக் கீழே வைத்தார். "ஹேண்டில் துள்ளும்னு தெரிஞ்சும் நான் விழுந்தேன். மாரப்பனுக்குத் தெரியுமா?"

பொன்னுரங்கம் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"நான் சொல்லலைங்கம்மா. சொன்னா, அண்ணன் அரைகுறை வேலை பார்த்திருக்கான்னு நினைப்பானோன்னு..."

"அவன் சம்சாரத்துகிட்ட?"

"இல்லைங்க."

அம்மா சைக்கிளை அவர் பக்கம் திருப்பினார்.

"பார்த்துப் போங்க. துள்ளும்."

மாரப்பன் மனைவி பாவாயி களத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பொன்னுரங்கம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் கை மட்டும் நின்றது.

"அவருக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஹேண்டில் கையிலயே நிக்க மாட்டேங்குதுன்னு முதல் நாளே சொன்னாரு. கொண்டுபோய் உங்ககிட்டக் காட்டச் சொன்னேன். 'அண்ணன் பார்த்துப் பார்த்து மாட்டிக் குடுத்திருக்கு. குத்தம் சொன்னா சங்கடப்படும். ரெண்டு நாள்ல பழகிடும்'னாரு."

களத்தில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கடலையைக் கொத்த வந்த ஒன்றைப் பொன்னுரங்கம் விரட்டினார்.

"இத்தனை நாளா நீ ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் மாமா."

வெயில் தாழ ஆரம்பித்தபோது பொன்னுரங்கம் மடத்துக்குத் திரும்பினார். நடந்ததை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்கம்மா. தண்ணி குடுத்தா. குடிச்சேன். வந்துட்டேன்."

"அழுதீங்களா?"

"அவ முன்னாலயா? அவளே பாவம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ரோடு வரைக்கும் வந்துட்டேன். அங்கே வந்துதான்..."

அம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"அழுகையை மறைச்சுட்டு வந்திருந்தா, நீங்க இன்னும் அவகிட்டச் சொல்லி முடிக்கலை. பொழுது இருக்கு, திரும்பிப் போங்க."