சிங்காரியின் பளிச்சென்ற வாசல்

ஒரு காட்டில், கள்ளிப்புதருக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில், முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். நான் சொல்கிற காடு, அவ்வளவுதான்.

அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஒவ்வொரு முயலும் வளையைப் பெருக்கும். உள்ளே தின்றது, உதிர்ந்தது, கழித்தது எல்லாவற்றிலும் ஒரு பிடி அள்ளி வெளியே கொண்டுவந்து வைக்கும். இதற்கு வாசல் குப்பை என்று பேர். கேட்கவே அசிங்கமாக இருக்கிறதா? இருக்கட்டும். அந்த அசிங்கம்தான் மேட்டைக் காப்பாற்றி வந்தது.

மேட்டுக்குக் காவல் மூக்கையா என்ற கீரி. எல்லா வளைக்குள்ளும் நுழைந்து பார்க்க அவனுக்கு ஏது நேரம்? வாசல் வாசலாகப் போய்க் குப்பையை மட்டும் முகர்ந்து பார்ப்பான். புல்லும் கிழங்குத் தோலும் முயல் முடியும் இருந்தால் அடுத்த வாசலுக்கு நடையைக் கட்டுவான். செதிலோ, தவளை எலும்போ இருந்தால், உள்ளே எவனோ புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் பேச்சே கிடையாது. வளையை அடியோடு தோண்டிப் போட்டு, உள்ளே இருப்பவனைக் கடித்துக் குதறிவிடுவான்.

கீரி முயலைத் தின்னாதா என்று அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள். தின்னும். இந்தக் கீரி தின்னாது. மேலே கேளுங்கள்.

அந்த மேட்டில் சிங்காரி என்று ஒரு முயல் இருந்தாள். பேருக்கு ஏற்ற ஆள். மீசையைத் தடவி முடிக்கவே அவளுக்குப் பாதி காலை போய்விடும். அவளுக்கு இரண்டு குட்டிகள், மூத்தவன் ஒருவன், இளையவள் ஒருத்தி. அவற்றைவிட அவளுக்குத் தன் வளைமேல்தான் பெருமை அதிகம் என்று பக்கத்து வளைக்காரிகள் பேசிக்கொள்வார்கள். பொறாமையில் பேசினார்களோ, உண்மையைப் பேசினார்களோ, நாம் கண்டோமா?

ஒருநாள் சிங்காரி மேய்ந்துவிட்டுத் திரும்பினால், வளைக்குள் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருந்தது. குட்டிகள் மூலையில் ஒண்டிக் கிடந்தன. பாம்போ பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நலம் விசாரித்தது. வெயில் தாங்காமல் ஒதுங்கினேன், தவளையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தது. மூக்கையாவைக் கூப்பிடுவேன் என்றாள் சிங்காரி.

"தாராளமா கூப்பிடு தங்கச்சி," என்றது சாரை. "அவன் வந்து என்னை மட்டுமா தூக்குவான்? நீ பார்த்துப் பார்த்துக் கட்டின வளையை மண்மேடாக்கிட்டுத்தான் போவான்."

சிங்காரி வளைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். மூக்கையாவைக் கூப்பிடப் போகவில்லை.

பாம்பு அத்தோடு விடவில்லை. தவளை எலும்பு வாசலுக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்று அதற்குத் தெரியாதா? அதனால் மெல்ல ஆரம்பித்தது. இவ்வளவு லட்சணமான வளைக்கு முன்னால் தோலும் புழுக்கையும் கிடக்கலாமா, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், குப்பையை உள்ளேயே ஒரு மூலையில் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றது. சிங்காரிக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பயந்தவளுக்குப் புகழ்ச்சியும் சேர்ந்து கிடைத்தால் புத்தி எங்கே வேலை செய்யும்?

மறுநாள் அவள் வாசல் பளிச்சென்று இருந்தது. மூக்கையா வந்தான், முகர்ந்தான். முகர ஒன்றுமே இல்லை. தப்பாக ஒன்றும் கண்ணில் படவில்லை, ஆகவே தப்பு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினான். போகிற போக்கில், வாசல் வைத்திருந்தால் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று மேடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனான். அடடா, என்ன காவல்!

பிறகு கேட்க வேண்டுமா? அக்கம்பக்கத்து முயல்களெல்லாம் சிங்காரியின் வாசலை வேடிக்கை பார்க்க வந்தன. அவளும் வந்தவர்களுக்கெல்லாம் பெருக்கும் பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே மூலையில் குப்பை மலையாகக் குவிந்தது. அதன் மறைவில் சாரை முட்டையிட்டது. அவை பொரித்தால் மேட்டில் வளைக்கு ஒரு பாம்பு குடியேறும். சிங்காரி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஒருநாள் இளையவளைக் காணோம் என்று தேடினாள். எதிர் வளைக்கு விளையாடப் போயிருக்கிறாள் என்றது பாம்பு. அதன் வயிறு புடைத்திருந்தது. அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, சிங்காரி மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காட்டுப்பன்றி மேட்டுக்கு வந்தது. அதற்குத் தின்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. மூக்கையா முகர்ந்துவிட்டுப் போன குப்பையையெல்லாம் மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டே வந்தது. தோலில் என்ன, செதிலில் என்ன, அதற்கு எல்லாம் ஒரே ருசிதான். சிங்காரியின் வாசலுக்கு வந்ததும் அதன் முகம் சுருங்கிப்போயிற்று.

"குட்டிங்க இருக்கிற வீட்டுல ஒரு தோல்கூட மிஞ்சாதா?" என்றது பன்றி. "எல்லாத்தையும் உள்ளே பதுக்கி வச்சிருக்கே. எடு வெளியே."

சிங்காரி தன் கௌரவம் என்ன, வாசல் என்ன என்று சண்டைக்குப் போனாள். மூக்கையாவும் ஓடிவந்து, மேட்டிலேயே சுத்தமான வீடு இது, மரியாதையாகப் போய்விடு என்று பன்றியை அதட்டினான். பசித்த பன்றி யார் பேச்சைக் கேட்டது? மூக்கை மண்ணில் கொடுத்து ஒரே கிளறு கிளறியது. வளை பொலபொலவென்று சரிந்தது.

உள்ளேயிருந்து அழுகிய குப்பை வந்தது. தவளை எலும்பு வந்தது. பாம்புச் சட்டை வந்தது. கடைசியில் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு சாரையே வந்தது. மூக்கையாவின் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வினான். அவன் பாம்பைக் கொன்று முடிப்பதற்குள் பன்றி முட்டைகளை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

குப்பையே இல்லையே, நான் எதை முகர்வேன் என்று மூக்கையா ஒவ்வொரு முயலிடமும் போய் நியாயம் கேட்டான்.

சிங்காரி மண்ணை விலக்கி மூத்தவனை வெளியே இழுத்தாள். அவன் ஒருவன்தான் இருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.

"ஏன்டா, அம்மாகிட்ட ஓடிவந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"வந்தேம்மா," என்றான் குட்டி. "தங்கச்சியைப் பாம்பு முழுங்குதுன்னு சொல்லத்தான் ஓடிவந்தேன். கால் மண்ணு வாசல்ல படுது, உள்ளே போடான்னு நீதானே விரட்டினே."

நீதி: வாசலில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வீட்டுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.