சுருட்டை விரியனுக்குச் சத்தம் வந்த கதை

அந்தக் காலத்தில் பாம்பும் பேசும், பல்லியும் பேசும். கேட்டால் பதில் சொல்லும், கேட்கத்தான் ஆளில்லை. மாடத்தி ஒருத்தியால் மட்டும் கேட்காமல் இருக்க முடியாது. கோழி முட்டையிட்டால், "நேத்தைக்கு விட இன்னைக்கு ஏன் சிறுசு?" என்று கோழியையே மறித்துக் கேட்பாள். அவளைக் கண்டாலே கோழிகள் வேறு வழியாகப் போகும்.

சுருட்டை விரியனுக்கு அப்போது உடம்பு வழுவழுவென்று இருந்தது. குரலோ மிகச் சன்னம். பக்கத்தில் குந்திக் காது கொடுத்தால்தான் கேட்கும். பாம்பின் பக்கத்தில் போய் யார் குந்துவார்கள்?

பொத்தை என்று சொல்லும் சின்னக் கல்மலையின் அடிவாரத்தில் மாடத்தியும் அவள் புருஷன் இசக்கியும் புதுவீடு கட்டியிருந்தார்கள். பிள்ளை தவழத் தொடங்கிய அன்று, அடுப்படிச் சுவரின் இடுக்கில் ஒரு சுருட்டை விரியன் தலைநீட்டியது. இசக்கி கம்பை ஓங்கினான்.

"பொறும். ஏன் வந்துச்சின்னு கேட்டுக்கிடுவோம்."

"பாம்புகிட்ட என்னட்டி கேள்வி? புள்ள தவழுதான். உனக்கு வெளையாட்டா இருக்கா?"

மாடத்தி பிள்ளையைத் தூக்கி அவன் இடுப்பில் வைத்தாள். கம்பு தானாகக் கீழே விழுந்தது. அவள் சுவரின் பக்கத்திலேயே குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

"நான் எங்க தாயி வந்தேன்?" என்றது பாம்பு. "பொத்தையில என் கல்லுக்கடியில கெடந்தேன். கல்லோட சேத்து என்னையும் தூக்கியாந்து சுவரு வச்சிட்டீங்க."

மாடத்தி அதை அப்படியே இசக்கிக்குச் சொன்னாள். சுவரில் இருந்த அந்தப் பலகைக்கல்லைப் பொத்தையில் வண்டி ஏற்றியவன் அவன்தான்.

"எம்புள்ளையக் கடிப்பியா?"

"மிதிச்சாக் கடிப்பேன். 'இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு கத்துறேன், ஒருத்தர் காதுலயும் விழமாட்டேங்கு. பெறகு பல்லு மட்டுந்தான மிச்சம்?"

மாடத்தி அதையும் இசக்கிக்குச் சொன்னாள்.

ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடலாம் என்றான் இசக்கி. பாம்பு பதறியது. "அங்க எந்தப் பொந்து எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? பட்டினி கெடந்தே செத்துருவேன்."

சரி, பொத்தைக்கே கொண்டுபோவோம் என்று மாடத்தி புதுப்பானை ஒன்றைப் படுக்க வைத்தாள். பாம்பு மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அந்நிய வாசனை. அதனால் பலகைக்கல்லின் இடுக்கில் ஒட்டியிருந்த பொத்தை மணலைக் குச்சியால் சுரண்டி, ஒரு கை அள்ளிப் பானைக்குள் போட்டாள். எல்லாம் அந்த ஒரு கை மணலால் வந்தது.

பாம்பு தானாகவே உள்ளே போனது. பானையின் வாயைத் துணியால் மூடி, அதை நீளக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கினாள். ஏறும் வழியெல்லாம் பானை ஆடியது. உள்ளே பாம்பு சுருண்டு சுருண்டு புரண்டது. உடம்போடு உடம்பு உரச, நடுவில் மணல் அராவியது.

உச்சியில் பானையை இறக்கி, துணியைக் கம்பால் தள்ளிவிட்டுச் சாய்த்தாள். வெளியே வந்த பாம்பின் விலாச் செதிலெல்லாம் ரம்பப் பல்லாக நின்றது. மிரண்டுபோய் அது சுருண்டு உடம்பை உரசியது. சர்ர்ர்ர்! மாடத்தி துள்ளினாள். பாம்பும் துள்ளியது.

"எம் மேனிய என்ன செஞ்சிட்ட, தாயி!" என்று அழுதது.

நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று மாடத்திக்கும் அழுகை வந்தது. அப்போது, பிள்ளையோடு வெகு கீழே நின்ற இசக்கி கத்தினான். "ஏட்டி, அங்க என்ன வடையா சுடுத?"

பாம்பு அழுகையை நிறுத்தியது. "அவருக்கா கேட்டுச்சு?"

"அவருக்கேதான்!"

பாம்பு இன்னொரு தரம் உரசிப் பார்த்தது. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு தரம்.

மறுவருஷம், நடை பழகிய பிள்ளை ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பொத்தைக்கு ஓடினான். ஒரு கல்லருகே காலை ஓங்கியபோது, கீழிருந்து சர்ர்ர்ர் என்றது. அவன் அப்படியே நின்றான். பின்னாலேயே ஓடிவந்த மாடத்தி அவனை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பாம்பு அந்தக் கல்லுக்கடியில் நுழைந்துகொண்டது.

அன்று முதல்தான் சுருட்டை விரியன் பல்லைக் காட்டும் முன்னே உடம்பை உரசிக் காட்டுகிறது; பொத்தைப் பக்கத்து ஆட்களும் ஒரு கல்லைப் புரட்டும் முன்னே கம்பால் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நின்று கேட்கிறார்கள்.