எங்க பாலம்

பாலம் உடைந்துவிட்டது.

பாலம் என்றால் ஆற்றுப் பாலம் இல்லை. தெருமுனைச் சாக்கடைமேல் கிடந்த சிமென்ட் பலகை. தண்ணீர் லாரி திரும்பிப் போகும்போது ஏறியது. பின்சக்கரம் தாண்டியதும் பலகை பிளந்து உள்ளே விழுந்தது. லாரிக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை.

அது முட்டுத்தெரு. வெளியே போக வேறு வழி கிடையாது.

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி மடத்துக்கு வந்தார். தெருக்கோடியில் இருந்த ஓட்டு வீடுதான் மடம். அதில் ஒரு அம்மா இருந்தாள். காவி கிடையாது, மாலை கிடையாது. மாசிலாமணியைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவர் தினமும் வந்து எதிரே உட்காருவார், கேள்வி கேட்பார். பாதிக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

இன்று உட்காரவில்லை.

"எங்க தெருப் பாலம் உடைஞ்சு போச்சும்மா."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அடப்பாவமே. எந்தத் தெரு?"

"என்னம்மா கேக்கறீங்க? இந்தத் தெருதான்."

"ஓ," என்றாள். மறுபடி கீரை.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"மக பூங்கோதை பிரசவத்துக்கு வந்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோங்கறாங்க. அவசரத்துக்கு இருக்கட்டும்னு மருமகன் காரை விட்டுட்டுப் போயிருக்கார். கார் வாசல்ல நிக்குது. நின்னு என்ன, வெளியே போக முடியாதே."

"நகராட்சியில சொன்னீங்களா?"

"சொல்லாமலா? தெரு நடுவுல வார்டு எல்லை போகுதாம். வடசாரி ஒரு வார்டு, தென்சாரி வேற வார்டு. பாலம் ரெண்டுலயும் பாதி. இந்தக் கவுன்சிலரைக் கேட்டா அவரைக் கேளுங்கறார். அவரைக் கேட்டா இவரைக் கேளுங்கறார்."

"எதிர்சாரியில கேட்டீங்களா?"

மாசிலாமணி முகம் சுளித்தார். வடசாரிச் சங்கத்துக்கு அவர் செயலாளர். தென்சாரிச் சங்கத்துக்கு அந்தோணிசாமி தலைவர். தெருக்குழாய் யார் பக்கம் வருவது என்று ஒரு காலத்தில் தகராறு. அன்றிலிருந்து அந்தப் பெயர் மாசிலாமணி வாயில் வராது.

"அந்த ஆளையா? எங்க பாலத்துக்கு அந்த ஆளை ஏம்மா கேக்கணும்?"

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"பாலம் கிடக்கட்டும். உங்க பேச்சுல ஒரு சொல் உடைஞ்சிருக்கு. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

"எந்தச் சொல்லும்மா?"

"பேசுறது நீங்க. என்னைக் கேட்டா?"

அவ்வளவுதான். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு வரைக்கும் மாசிலாமணி நாக்கைப் புரட்டிக்கொண்டே நடந்தார். பாலம். சரியாகத்தான் இருந்தது. உடைஞ்சு போச்சு. அதுவும் சரி. ஒருவேளை கவுன்சிலரா? 'நகர்மன்ற உறுப்பினர்' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். எதிரே வந்த பால்காரர் ஒதுங்கிப் போனார்.

அன்றே கூட்டம். பள்ளத்தின் ஓரத்திலேயே. வடசாரி ஒரு பக்கம், தென்சாரி ஒரு பக்கம். நடுவில் கொசு.

தெருமுனையில் சங்கங்களின் இரும்புப் பெயர்ப்பலகைகள் இரண்டு உண்டு, சாரிக்கு ஒன்று. இரும்புத் தூண்களில் கொக்கி போட்டு மாட்டியவை. தென்சாரிக்காரர்கள் முதலில் வைத்தார்கள். அதைவிட ஒரு பிடி கனம் கூட இருக்கணும் என்று வடசாரி அடித்தது. அதைக் கேள்விப்பட்டுத் தென்சாரி பழசை இறக்கிவிட்டு வேறு அடித்தது. ஆளைக் கொல்லும் கனம் இரண்டும்.

அவற்றின் கீழே நின்றுதான் பேசினார்கள். பேசினார்களா?

"வீட்டு வரி ஏத்தினாங்களே! எங்க வரியெல்லாம் எங்க போச்சு?"

"தெருவிளக்கு பூரா உங்க பக்கமே நட்டாங்கள்ல? அங்கதான் போச்சு."

"கம்பம் எங்க பக்கம். வெளிச்சம் உங்க வீட்டுல விழலையா?"

"விழுது, விழுது. அதுலதான் எங்க கொசுவெல்லாம் படிச்சுப் பாஸாகுது."

"குப்பை வண்டி உங்களுக்குத் தினம் வருது. எங்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை."

"எங்க கவுன்சிலர் வேலை பாக்கறார்."

"அப்போ எங்க கவுன்சிலர் தூங்கறாரா?"

"நான் சொல்லலைப்பா. நீயே சொல்லிக்கிட்ட."

அந்தோணிசாமி கையை உயர்த்தினார். பருத்த ஆள். குரலும் பருத்தது.

"லாரி யாருக்குத் தண்ணி கொண்டாந்தது? வடசாரிக்கு. உடைச்சவங்க போடட்டும்."

மாசிலாமணி அவரைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்: "சாக்கடையில ஓடுறது யார் வீட்டுத் தண்ணின்னு அந்த ஆளைக் கேளுங்க. சாக்கடை இல்லாட்டி பாலம் எதுக்கு?"

அப்போது ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது.

மருமகனின் கார். ஓட்டி வந்தது மாசிலாமணியின் மனைவி கோமதி. பின்சீட்டில் பூங்கோதை, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"என்னங்க! வலி எடுத்துருச்சு!"

கூட்டம் விலகி வழி விட்டது.

கார் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. குறுக்கே நடக்கிறவர்களுக்கு ஒற்றை மரப்பலகை மட்டும் கிடந்தது. "இறக்கித் தூக்கிட்டுப் போயிரலாமா?" என்று யாரோ கிட்டே போனார்கள்.

"தொடாதீங்க!" என்று உள்ளேயிருந்து அலறல்.

மாசிலாமணி நாலா பக்கமும் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஓடிப்போய்த் தன் சங்கப் பலகையைப் பிடித்துத் தொங்கினார். வடசாரி ஆட்கள் வந்து கொக்கியைக் கழற்றினார்கள். இறக்கி, இழுத்துப் பள்ளத்தின் குறுக்கே போட்டார்கள். எழுத்து மேலே பார்த்துக் கிடந்தது.

இடது சக்கரத்துக்குச் சரியாக இருந்தது.

வலது சக்கரத்துக்கு?

எதிரே தென்சாரிப் பலகை தொங்கியது. அதன் கீழே அந்தோணிசாமி. போன தீபாவளிக்கு அந்தப் பலகைமேல் வெடித்தூள் பட்டதற்கே போலீஸ் வந்தது.

மாசிலாமணி குறுக்கே போனார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார்.

"எங்க பொண்ணு... எங்க பொண்ணுக்கு..."

"நம்ம பொண்ணுய்யா," என்றார் அந்தோணிசாமி. "என்ன நின்னு பேசிக்கிட்டு? பிடி அந்தப் பக்கம்!"

கொக்கியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.

இருவரும் தூக்கினார்கள். போட்டார்கள். இடது சக்கரம் வடசாரிமேல், வலது சக்கரம் தென்சாரிமேல். கோமதி கண்ணை மூடாமல் ஓட்டினாள். மற்ற எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

கார் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் காலை மடத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குழந்தை?"

"பொண்ணும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"பலகை?"

"அங்கதான் கிடக்குது. வண்டியெல்லாம் அதுமேலதான் போகுது."

"சங்கத்துப் பேருமேல டயர் ஏறுமே?"

"ஏறட்டும். இன்னைக்கு ரெண்டு கவுன்சிலர் வீட்டுக்கும் எல்லாருமாப் போறோம். நீங்களும் வரணும்மா. நம்ம தெருவுக்காக."

அம்மாவின் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். செருப்பைத் தேடினாள்.

"சொல்லு சரியாயிருச்சே. யார் சரி பண்ணினது?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். அப்புறமும் ஒருமுறை செருமினார்.

"அந்தோணிசாமி."